இரண்டு இட்லி குறையட்டும், ஒரு கிண்ணம் பயறு கூடட்டும்

(கொட்டிவாக்கத்தில் குடியிருப்பு மக்கள் கூடிய மாலைக் கூட்டமொன்றில் உணவியலர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சர்க்கரை நோய் உள்ளவர்கள் எதையெல்லாம் சாப்பிடக் கூடாது என்று நான் ஒரு பட்டியல் வாசிப்பேன் என எதிர்பார்த்துச் சிலர் வந்திருப்பீர்கள். அந்தப் பட்டியல் உங்கள் எல்லோருக்கும் ஏற்கெனவே மனப்பாடம். இனிப்பு வேண்டாம், உருளைக்கிழங்கு வேண்டாம், மாம்பழம் வேண்டாம். அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தும் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி இறங்க மாட்டேன் என்கிறதே என்று மனம் நொந்து வருபவர்கள் ஏராளம். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். நேற்று காலையிலிருந்து இரவு வரை உங்கள் தட்டில் என்னென்ன இருந்தது, எவ்வளவு இருந்தது?

பதில் பெரும்பாலும் இப்படி வரும். காலையில் ஐந்து இட்லி, தேங்காய்ச் சட்னி. பதினோரு மணிக்கு டீ, இரண்டு பிஸ்கட். மதியம் சோறு, சாம்பார், ரசம், மோர், ஓரமாகக் கொஞ்சம் பொரியல். சாயங்காலம் உப்புமா அல்லது முறுக்கு. இரவில், "சோத்தைத் தொடுறதே இல்லைங்க, சப்பாத்திதான்." நான்கு சப்பாத்தி, தக்காளித் தொக்கு.

இந்தத் தட்டில் இனிப்புப் பலகாரம் இல்லை. கட்டுப்பாடாக இருந்திருக்கிறார், பொய் சொல்லவில்லை. ஆனால் விழித்ததிலிருந்து படுக்கும்வரை வயிற்றுக்குள் போனது ஏறக்குறைய முழுவதும் மாவுச்சத்து. அரிசியாக, ரவையாக, மைதாவாக, கோதுமையாக வேஷம் மாறி மாறி வந்திருக்கிறது. பருப்பு என்று பார்த்தால் சாம்பாரில் கரைந்த அளவுதான். இன்று மாலை நான் சொல்ல வந்தது இந்தப் பங்கீட்டைப் பற்றித்தான். நம் தட்டில் தானியத்தின் இடம் சுருங்க வேண்டும், பருப்பு, பயறு, முட்டை, மீன், காய் ஆகியவற்றின் இடம் விரிய வேண்டும். ஒரு தானியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு தானியத்தை வைப்பதால் பெரிய பலன் இல்லை.

இதை என் சொந்தக் கருத்தாகச் சொல்லவில்லை. இந்தச் சென்னை நகரத்திலேயே பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த அறிவு இது. 1948ஆம் ஆண்டில் ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்கென்றே ஒரு தனிப் பிரிவைத் தொடங்கினார். 1954இல் ராயபுரத்தில் இந்த நோய்க்கான மருத்துவமனையை நிறுவினார். 1921இல் டொராண்டோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பு, மேல்நாடுகளில் இந்த நோயாளிகளைப் பாதிப் பட்டினியில் வைத்துத்தான் சில மாதங்களாவது உயிரைக் காப்பாற்றினார்கள். இன்சுலின் வந்த பிறகும் மாவுச்சத்தைக் கடுமையாக வெட்டும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. சோறே சாப்பாடு என்று வாழும் மக்களிடம் அது செல்லுபடியாகாது என்று விஸ்வநாதன் கண்டார். மாவுச்சத்து இருக்கட்டும், கூடவே நார்ச்சத்தும் நிறைய இருக்கட்டும் என்பது அவர் சொன்ன வழி.

அதில் முதல் பாதியை நாம் இறுகப் பிடித்துக்கொண்டோம். இரண்டாம் பாதி கைநழுவிப் போனது. அரிசி மேலும் மேலும் வெள்ளையாகத் தீட்டப்பட்டது, காய் தொட்டுக்கொள்ளும் அளவாகச் சுருங்கியது. அவருடைய மகன் டாக்டர் வி. மோகனும் ஆய்வுக் குழுவினரும் சென்னை மக்களிடம் நடத்திய பெரிய ஆய்வின் ஒரு பகுதி 2009இல் வெளிவந்தது. நகரவாசியின் அன்றாடக் கலோரியில் ஏறத்தாழ பாதி தீட்டிய தானியத்திலிருந்தே வருகிறது, அதில் பெரும்பங்கு வெள்ளை அரிசி என்று அது காட்டியது. பொன்னி, சோனா மசூரி, சூரத்தி கோலம் ஆகிய மூன்று அரிசிகளையும் அதே குழுவினர் சோதித்தார்கள். குளுக்கோஸை 100 என்று வைத்து, ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று அளக்கும் அளவுகோலுக்குக் கிளைசிமிக் இண்டெக்ஸ் என்று பெயர். 55க்குக் கீழே இருந்தால் குறைவு, 70க்கு மேலே போனால் அதிகம். மூன்று அரிசியும் 70க்கு மேலேதான் நின்றன. பொன்னியா சோனாவா என்று கடையில் நின்று யோசிப்பதில் பயனில்லை என்று இதிலிருந்தே தெரிகிறது.

இப்போது மிக அண்மைச் செய்திக்கு வருகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மெட்ராஸ் டயபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தபோது, 10 கோடிக்கும் அதிகமான இந்தியர்களுக்குச் சர்க்கரை நோய் என்ற எண்ணிக்கை எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. அதே ஆய்வின் உணவுப் பகுதி 2025 செப்டம்பரில் வெளியானது. அது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை, எனக்கு அதில் வருத்தம். இந்தியரின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து, புரதம் 12 சதவீதம் அளவில்தான் என்று அது சொன்னது. அடுத்துச் சொன்னதுதான் நம் வீடுகளுக்கு நேராகப் பொருந்துவது. மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல், வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ மாற்றிக்கொண்டால் நோய் வரும் வாய்ப்பு குறைவதாகத் தெரியவில்லை. மாறாக, கலோரியில் வெறும் 5 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்து எடுத்து, பருப்பு, பால், முட்டை, மீன் ஆகியவற்றின் புரதத்துக்குக் கொடுத்தால் வாய்ப்பு குறைகிறது.

இது நோய் வரும் வாய்ப்பைப் பற்றிய கணக்கு. நோய் வந்துவிட்டவர்களுக்கும் அதே குழுவினர் 2022இல் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்கள். புதிதாக நோய் தெரியவந்தவர்கள் சர்க்கரையை இயல்பு நிலைக்குத் திருப்ப, மாவுச்சத்து 49 முதல் 54 சதவீதத்துக்குள்ளும் புரதம் 20 சதவீதத்தை ஒட்டியும் இருக்க வேண்டும் என்பது அது. திசை ஒன்றேதான்.

சதவீதம் என்று சொன்னால் அடுப்படியில் நிற்பவருக்கு என்ன புரியும்? இட்லியாக மாற்றிச் சொல்கிறேன். ஒருவர் ஒரு நாளைக்கு 1,800 கலோரி சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 5 சதவீதம் 90 கலோரி. மாவுச்சத்தில் அது 22 கிராம் சொச்சம். நடுத்தர அளவு இட்லி ஒன்றில் மாவுச்சத்து 10 முதல் 12 கிராம். ஆகவே இரண்டு இட்லி. அந்த இடத்தில் 22 கிராம் புரதம் வேண்டும். அசைவம் சாப்பிடுபவருக்கு ஒரு முட்டையும் உள்ளங்கை அளவு மீனும் போதும். சைவருக்கு ஒரு கிண்ணம் வெந்த பயறு, ஒரு கிண்ணம் தயிர், சிறு துண்டு பன்னீர். காலையில் ஐந்து இட்லி சாப்பிடுபவர் மூன்று சாப்பிடட்டும், பக்கத்தில் ஒரு கிண்ணம் பயறு இருக்கட்டும். இது எந்தக் குடும்பத்துக்கும் எட்டாத காரியமில்லை.

எட்டாத காரியமில்லை என்று சொல்லிவிட்டேன், ஆனால் அது ஏன் நடப்பதில்லை என்பதையும் பேச வேண்டும். முதல் காரணம் காசு. நம் ரேஷன் கடையில் அரிசி அட்டைக்கு அரிசி இலவசம், பல குடும்பங்களுக்கு மாதம் 20 கிலோ அளவுக்குக் கிடைக்கிறது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், ஆனால் மாதத்துக்கு ஒரே கிலோ. பசியைத் தீர்த்ததில் அந்த அரிசிக்குள்ள பெருமையை நான் ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டேன், அது இல்லாத காலத்தை நம் பெற்றோர் அறிவார்கள். ஆனாலும் இருபதுக்கு ஒன்று என்ற அந்த விகிதம் அப்படியே நம் தட்டில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. பருப்பின் அளவு கூட வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். நம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சத்துணவில் வாரம் 5 முட்டை கிடைக்கிறது. அதே வீட்டில் சர்க்கரை நோய் உள்ள பாட்டியின் தட்டில் வாரத்துக்கு ஒரு முட்டை இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாம் காரணத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது ஊறவைத்தல். காலை ஏழு மணிக்குப் பிள்ளையைப் பள்ளிக்கும் கணவரை வேலைக்கும் அனுப்பும் அவசரத்தில், ஃப்ரிட்ஜில் இருக்கும் மாவை எடுத்து இட்லி ஊற்றுவதுதான் நடக்கும். பயறு வேண்டுமானால் முந்தின இரவே தண்ணீரில் போட்டிருக்க வேண்டும். ஆகவே சர்க்கரை நோயாளிக்கான சாப்பாட்டுத் திட்டம் இரவு ஒன்பது மணிக்கு, ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றுவதில் தொடங்குகிறது. இன்று இரவு பச்சைப் பயறு. நாளை இரவு கறுப்புக் கொண்டைக்கடலை. அடுத்து காராமணி, மொச்சை, கொள்ளு. நவராத்திரி ஒன்பது நாளும் தினம் ஒரு சுண்டல் நம் கைக்குத் தானாக வருகிறதே, அந்தப் பழக்கத்தை மற்ற நாட்களுக்கும் நீட்டினால் போதும். ஊறவைத்து முளைகட்டியதை வேகவைத்து மூன்று நாளுக்கு ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம்.

நம் சமையலில் ஏற்கெனவே பருப்பைத் தலைமையாகக் கொண்ட பலகாரங்கள் இருக்கின்றன. அடை இருக்கிறது. அரிசியைக் குறைத்து, துவரை, கடலை, உளுந்து, பாசிப்பருப்பைக் கூட்டி அரைத்தால் இரண்டு அடையில் வயிறு நிறையும். பெசரட்டு முழுக்கப் பச்சைப் பயறு. இட்லி மாவிலேயே நான்குக்கு ஒன்று என்று போடும் உளுந்தை, மூன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று என்று கூட்டிப் பாருங்கள். கூட்டு என்றால் காயைவிடப் பாசிப்பருப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். உசிலி இருக்கிறது, கொத்தவரங்காயோ பீன்ஸோ வாழைப்பூவோ எதுவும் அதில் அடங்கும். வெளியிலிருந்து எந்த விலையுயர்ந்த மாவும் டப்பாவும் வாங்க வேண்டியதில்லை.

மீனைப் பற்றிச் சொல்லாமல் கொட்டிவாக்கத்தில் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. நம் மீனவர் குப்பத்துக் கரையில் காலையில் வந்து இறங்கும் நெத்திலி, மத்தி, கானாங்கத்தை எல்லாம் 100 கிராமுக்கு 18, 20 கிராம் புரதம் தருபவை. மத்தியிலும் கானாங்கத்தையிலும் இதயத்துக்கு நல்ல கொழுப்பும் சேர்ந்து வருகிறது. வஞ்சிரத்துக்குக் கொடுக்கும் விலையில் பாதிகூட இவற்றுக்கு வேண்டாம். பக்கத்து ஓஎம்ஆர் சாலை அலுவலகங்களில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இரவு பதினோரு மணிக்கு பிரியாணி வரவழைக்கிறார்கள். இரண்டு தெரு தள்ளி இவ்வளவு நல்ல மீன் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. ஒரு எச்சரிக்கை மட்டும். மீன் குழம்பு வைத்த நாளில் சோறு இரண்டு மடங்காக இறங்கும், அது நமக்கெல்லாம் உள்ள பழக்கம். அன்றைக்குச் சோற்றை முதலிலேயே அளந்து தட்டில் வைத்துவிடுங்கள், குழம்பில் உள்ள மீன் துண்டு கூடினால் பரவாயில்லை. எண்ணெயில் முக்கிப் பொரிப்பதைவிடத் தோசைக்கல்லில் வாட்டியது நல்லது.

கேழ்வரகு, கம்பு பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. சிறுதானியம் நல்ல உணவு. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து உண்டு, நார்ச்சத்து உண்டு. ஆனால் அதுவும் தானியம்தான், அதிலும் மாவுச்சத்துதான் பெரும்பங்கு. நைசாக அரைத்து, தண்ணீராகக் காய்ச்சி, ஒரு பெரிய சொம்பு நிறையக் கேழ்வரகுக் கஞ்சி குடித்தால் சர்க்கரை விறுவிறு என்று ஏறும். மென்று தின்ன வேண்டிய வடிவில், களியாகவோ முழுத் தானியமாகவோ, கையளவு சாப்பிட்டு, பக்கத்தில் கீரையும் பருப்பும் வையுங்கள். தீட்டாத அரிசியும் அப்படித்தான். சென்னையில் அதிக எடையுள்ளவர்களிடம் செய்து 2014இல் வெளியிட்ட சோதனையில், வெள்ளை அரிசிக்குப் பதில் தீட்டாத அரிசி கொடுத்தபோது ரத்தச் சர்க்கரையின் ஏற்றம் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்தது. பயறும் சேர்த்தபோது 23 சதவீதம். நல்ல பலன்தான், சுவை பிடித்தவர்கள் மாறலாம். அளவைக் கூட்டிக்கொள்ள அது அனுமதிச் சீட்டு ஆகாது.

சாப்பிடும் வரிசையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். முதலில் காய், அடுத்து பருப்போ முட்டையோ மீனோ, கடைசியில் சோறு. அதே உணவை அதே அளவில் இந்த வரிசையில் சாப்பிடும்போது சர்க்கரையின் உச்சம் தாழ்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செலவில்லாத வழி. சாப்பிட்ட பின் பத்து, பதினைந்து நிமிடம் கடற்கரைப் பக்கம் நடந்தால் இன்னும் நல்லது.

இனி நான் மிகவும் அக்கறையோடு பேச விரும்பும் இடத்துக்கு வருகிறேன். சர்க்கரை நோய் உள்ள ஆண் என்றால் அந்த வீட்டில் அவருக்கென்று தனிச் சமையல் நடக்கும். சப்பாத்தி சூடாக வரும், பாகற்காய் வரும். சர்க்கரை நோய் உள்ள பெண் என்றால்? அவர்தான் சமைக்கிறார், அவர்தான் கடைசியில் உட்காருகிறார். அதற்குள் கூட்டு தீர்ந்திருக்கும், பொரியல் வாணலியில் ஒட்டிக்கொண்டிருக்கும், மீன் பிள்ளைகளுக்குப் போயிருக்கும். மிஞ்சியிருப்பது சோறும் ரசமும். பிள்ளை வைத்துவிட்டுப் போன இரண்டு இட்லியும் வீணாகிறதே என்று அவர் வயிற்றுக்குள்ளேதான் போகும். மருத்துவர் எழுதிக் கொடுத்த உணவு அட்டவணை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும், அதில் உள்ள எதுவும் அவர் தட்டில் இருக்காது. நான் பார்த்த வரையில், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டும் சர்க்கரை கட்டுப்படாத பல பெண்களின் கதை இதுதான்.

அதனால் வீட்டில் உள்ளவர்களிடம் கேட்கிறேன். சமையல் முடிந்ததும், யாருக்கும் பரிமாறும் முன், அம்மாவின் பங்குக் காயையும் பருப்பையும் ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வையுங்கள். அதை அவர் எடுத்து வைக்க மாட்டார், மகனும் மகளும் கணவரும்தான் வைக்க வேண்டும். தனிச் சமையலும் வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நோய் இல்லாத சாதாரண இந்தியருக்கே 2,000 கலோரி உணவில் 400 கிராம் காயும், 85 கிராம் பருப்பு, முட்டை அல்லது இறைச்சியும் வேண்டும், தானியம் 250 கிராம் மட்டும் போதும் என்று சொல்கிறது. ஆக, சர்க்கரை நோயாளிக்கு நான் சொல்லும் தட்டும் அவருடைய பேரப்பிள்ளைக்கு உகந்த தட்டும் கிட்டத்தட்ட ஒன்றே. பெற்றோருக்கு நோய் இருந்தால் பிள்ளைகளுக்கும் அது வரும் வாய்ப்பு அதிகம், ஆனால் அந்த வாய்ப்பைக் குறைக்க முடியும். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் சென்னையிலிருந்து நடந்து 2006இல் வெளியான ஆய்வு, நோயின் வாசலில் நின்ற 531 பேரைச் சுமார் மூன்றாண்டு தொடர்ந்தது. உணவையும் நடையையும் மாற்றியவர்களிடம் நோய் வரும் வாய்ப்பு 28 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. மாத்திரை கொடுத்தும் அதைவிட அதிகமாகக் குறையவில்லை.

கடைசியாக, ஒரு ஆபத்து. இன்று இதைக் கேட்டுவிட்டு நாளைக் காலையிலேயே சோற்றையும் இட்லியையும் பாதியாக வெட்டிவிடாதீர்கள். நீங்கள் எடுக்கும் மருந்து, நீங்கள் இதுவரை சாப்பிட்ட அளவுக்குப் பொருந்தியது. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்குப் பெரிய பயமில்லை. கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் இன்சுலின் போடுபவர்களும் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் லோ சுகர், அதாவது ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும் நிலை வரலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்கள் பட்டினி கிடக்கவோ மாவுச்சத்தை அடியோடு நிறுத்தவோ கூடாது. அது வேறு வகை ஆபத்தில் கொண்டுபோய் விடும். கிரியாட்டினின் கூடியிருக்கிறது, சிறுநீரகத்தில் கோளாறு என்று சொல்லப்பட்டவர்கள் பருப்பு, மீன் அளவை மருத்துவரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.

விடியுமுன்னே கடலுக்குப் போகிற அண்ணன்மார்களுக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன். வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படகு ஏறாதீர்கள். மீன்கூடையோடு காலையிலிருந்து மதியம்வரை டீயை மட்டும் குடித்துவிட்டு நிற்கும் அக்காமார்களுக்கும் இதேதான். அந்த ஒவ்வொரு டீயிலும் இரண்டு ஸ்பூன், அதாவது 8 முதல் 10 கிராம் சர்க்கரை போகிறது, ஆனால் பசி தீர்வதில்லை. ஒரு டப்பா சுண்டலோ இரண்டு அவித்த முட்டையோ கையோடு கொண்டுபோங்கள். கூடவே குளுக்கோஸ் பவுடரும் ஒரு பொட்டலம். கை நடுங்கினால், குபுகுபு என்று வியர்த்தால், படபடப்பு வந்தால், பார்வை மங்கினால் சந்தேகமே வேண்டாம், அதை லோ சுகர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று டீஸ்பூன் குளுக்கோஸோ சர்க்கரையோ தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, 15 நிமிடம் பாருங்கள். சர்க்கரை 70க்கு மேலே வரவில்லை என்றாலோ நடுக்கம் நிற்கவில்லை என்றாலோ மறுபடியும் குடியுங்கள். சரியான பிறகு ஏதாவது சாப்பிடுங்கள். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள்.

இனிக் கேள்விகளைக் கேட்கலாம். வரும்போது மருந்துச் சீட்டு கொண்டு வந்தவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள். இன்சுலின் போடுபவர்களை முதலில் பார்க்கிறேன். எத்தனை இட்லி குறைக்கலாம், எப்போதிலிருந்து குறைக்கலாம், அதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் எழுதித் தருகிறேன்.